பேருந்துக் கூரைக்கு வளையும் பேனலா, கண்ணாடி பேனலா?

பழைய பேருந்தையோ வேனையோ வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து ஓடுகிற வீடாக மாற்றுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மின்சாரம் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும். கடையில் இரண்டு வகை சோலார் பேனல் கிடைக்கிறது. ஒன்று, வீட்டு மாடிகளில் பார்க்கிற, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி பேனல். இன்னொன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் லேசாக வளைந்து கொடுக்கிற பேனல். பசை தடவிக் கூரையில் ஒட்டிவிடலாம், துளை போட வேண்டாம், கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எங்கள் வண்டியில் முதலில் ஒட்டியது வளையும் பேனல். இப்போது இருப்பது கண்ணாடி பேனல். இரண்டோடும் கோடையைக் கழித்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மினி பஸ்ஸோ அதைவிடப் பெரிய வண்டியோ என்றால் கண்ணாடி பேனலே வாங்குங்கள். சின்ன வண்டி, கூனல் கூரை, ஃபைபர் கூரை என்று வளையும் பேனலைத் தவிர வேறு வழியில்லாத இடங்களும் இருக்கின்றன. அங்கேயும் அதை நேராகக் கூரையில் ஒட்டாதீர்கள். பேனல் வளைகிறதா என்பதைவிட அதன் அடியில் காற்று போகிறதா என்பதுதான் நம் ஊர் வெயிலில் முக்கியம்.

வண்டி ஒரு கல்லூரி ஓட்டி முடித்த 26 சீட் மினி பஸ். பாடி வேலைக்குக் கரூருக்குக் கொண்டுபோனோம். தமிழ்நாட்டில் பஸ் பாடி கட்டுவது என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற ஊர் அதுதான். பட்டறை மேஸ்திரி நாங்கள் வாங்கி வந்த 100 வாட் பேனலை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இரண்டு கிலோ சொச்சம்தான் இருக்கும்.

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இத அப்படியே தகரத்துல ஒட்டுனா அடியில காத்து போகாதுங்களே?"

"ஒட்டத்தானுங்கண்ணா கூட வந்த காயிதத்துலயே போட்டிருக்குது."

"காயிதம் கெடக்குதுங்க. சித்திரை மாசம் மத்தியானத்துல கூரை மேல ஒருக்கா கைய வெச்சுப் பாருங்க" என்றார்.

நாங்கள் நான்கு பேனலையும் பசை போட்டு ஒட்டினோம். மொத்தம் 400 வாட். முதல் ஆண்டு நல்ல வெயிலில் 290 வாட் வரை காட்டியது. அடுத்த ஆண்டு சித்திரையில் திருச்சி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது 170-ஐத் தாண்டவில்லை. தூசியாக இருக்கும் என்று துணியை நனைத்துக்கொண்டு மேலே ஏறினேன். துடைத்தும் போகாத ஒரு கறை, ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, தாளிக்கும்போது கருகிப்போன வெங்காயத்தின் நிறத்தில் இருந்தது. விரலை வைத்ததும் எடுத்துவிட்டேன். இன்னொரு பேனலின் மேல் தாள் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது. கையிலிருந்த வெப்பமானியைக் காட்டினேன். பேனல் 76 டிகிரி, பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்த வெறும் கூரை 52 டிகிரி.

இந்த இடைவெளியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. சோலார் பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. சிலிக்கான் செல்லுக்கு அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். 76 டிகிரியில் நிற்கிற பேனல் ஐந்தில் ஒரு பங்கை அப்போதே இழந்துவிட்டது. அதே வெயிலில், அடியில் நாலு விரல் இடைவெளியோடு சட்டத்தின் மேல் நிற்கிற கண்ணாடி பேனல் 55, 60 டிகிரியில் நிற்கும். இழப்பு பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். ஆனால் எனக்கு உறுத்துவது இந்தப் பத்து சதவீதம் இல்லை. வெப்பம் பேனலின் ஆயுளைத் தின்கிறது. உள்ளே செல்களைப் பிடித்திருக்கும் பிசின் மஞ்சளாகிறது, மேல் தாள் பிரிகிறது. செல்களை இணைக்கும் ஈய ஒட்டு பகலில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி விட்டுப்போகிறது. எங்காவது ஒரு செல்லில் தலைமுடி போல ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் இன்னும் சூடாகிறது. நான் பார்த்த பழுப்புக் கறை அதுதான்.

இதை மோசமாக்கியதும் நாங்களே செய்த ஒரு நல்ல காரியம். உள்ளே வெக்கை இறங்கக் கூடாது என்று கூரைக்கு அடியில் நல்ல கனமாக ஃபோம் ஷீட் ஒட்டியிருந்தோம். வீடாக்கும் வண்டியில் எல்லோரும் செய்வதுதான், செய்யவும் வேண்டும். ஆனால் கூரையில் ஒட்டிய பேனலுக்கு மேலே வெயில், கீழே ஃபோம். வெப்பம் போக வழியே இல்லை. பயணிகள் பேருந்தில் ஒட்டிய அதே பேனல் ஒருவேளை இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். ஃபைபர் கூரையில் இது இன்னும் மோசம், தகரம் கடத்துகிற அளவுக்குக்கூட ஃபைபர் வெப்பத்தைக் கடத்தாது.

கண்ணாடி பேனல் இதையே நமக்குச் சாதகமாக்குகிறது. சட்டத்தின் மேல் நிற்கும் பேனல் கூரைக்குப் பந்தல் போட்ட மாதிரி. வெயில் பேனல் மேல் விழுகிறது, காற்று நடுவில் போகிறது, கூரைத் தகரம் நிழலில் இருக்கிறது. மாற்றிய பிறகு மதியம் வண்டிக்குள் படுத்தால் தலைக்கு மேல் அந்த அனல் இல்லை. என் மனைவி முதலில் கவனித்தது மின்சாரத்தை இல்லை, இதைத்தான்.

சரி, எடை? வளையும் பேனல் விற்பவர்கள் முதலில் சொல்வது இதுதான், அது பொய்யும் இல்லை. நான்கு 100 வாட் வளையும் பேனல் சேர்ந்து பத்து கிலோவைத் தொடாது. இப்போது வீடுகளுக்குப் போடும் 540 வாட் கண்ணாடி பேனல் ஒன்றே 28 கிலோ. சட்டமும் கிளாம்பும் சேர்ந்தால் 45 கிலோ வரும். ஆனால் எந்த வண்டிக்கு 45 கிலோ என்று பார்க்க வேண்டும். எங்கள் மினி பஸ் 26 பேரையும் அவர்கள் பைகளையும் சுமந்த வண்டி. அந்தக் கூரையில் 45 கிலோ என்பது ஒரு பள்ளிப் பையன் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதையே முக்கால் டன் சொச்சம் எடையுள்ள ஆம்னி வேனின் உச்சியில் வைத்தால் வளைவில் திரும்பும்போது வண்டி சாய்வது ஸ்டியரிங்கிலேயே தெரியும். படுக்கைக்காகக் கூரையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி செய்த வண்டிகளில் ஒவ்வொரு கிலோவும் கை வலி. அங்கே வளையும் பேனலுக்கு இடம் உண்டு. உலகத்தைச் சுற்றி வந்த சோலார் இம்பல்ஸ் 2 விமானத்தில் 17,248 செல்களைக் கண்ணாடி இல்லாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குள் பொதிந்து வைத்தார்கள். பறக்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். பேருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

துளை போட வேண்டாம் என்பது அடுத்த கவர்ச்சி. பேருந்துக் கூரையில் ஒழுகல் எவ்வளவு தொல்லை என்பது மழைக்காலத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பயணம் செய்த யாருக்கும் தெரியும். ஆனால் கண்ணாடி பேனலுக்கும் கூரை முழுக்கத் துளை போட வேண்டியதில்லை. எங்கள் மேஸ்திரி கூரைத் தகரத்தைத் தொடவே இல்லை. பழைய லக்கேஜ் கேரியர் நின்ற கால்கள் உள்ளே இருக்கும் வளைவுச் சட்டத்தோடு இணைந்திருந்தன. அவற்றின் மேலேயே இரண்டு அலுமினியச் சேனலை நீளவாக்கில் ஓட்டி, பேனலை அதன் மேல் உட்கார வைத்தார். உள்ளே இறங்கும் ஒயருக்கு மட்டும் ஒரு துளை. அதற்கு மேல் ஒரு சின்ன மூடி, சுற்றிலும் சீலன்ட்.

கண்ணாடி பேனலுக்கு இருக்கும் குறைகளையும் சொல்ல வேண்டும். வீட்டு மாடி ஆடாது, பேருந்து ஆடும். மேடு பள்ளத்தில் பாடி முறுக்கிக்கொள்ளும். பேனலைச் சட்டத்தோடு இறுக்கமாகப் பல இடத்தில் கட்டினால் அந்த முறுக்கல் கண்ணாடிக்குப் போகும். அதனால் சேனலுக்கும் கேரியர் காலுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வைத்தார். பேனலின் நீளப் பக்கச் சட்டத்தில், தயாரிப்பாளர் குறித்திருக்கும் நான்கு இடத்தில் மட்டும் கிளாம்ப். நட்டுகள் எல்லாம் நைலான் வைத்த லாக் நட்டு. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு நட்டு கால் சுற்று இறங்கியது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அடியில் புகுந்து பேனலைத் தூக்கப் பார்க்கும் என்பதால் முன்பக்கம் ஒரு சாய்வுத் தகடு வைப்பது நல்லது, ஆனால் அது காற்றை முழுக்க அடைத்துவிடக் கூடாது. அப்புறம், வண்டியின் உயரம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடும். ரயில்வே சுரங்கப் பாலத்துக்குள் நுழைவதற்கு முன் புதிய உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதிவு விஷயம் ஒன்று. பேருந்தை வீட்டு வண்டியாக மாற்றுவது பேனலைவிடப் பெரிய மாற்றம். அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேனல் எதுவானாலும் வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

எவ்வளவு வாட் வேண்டும் என்று போடும் கணக்கும் இந்தத் தேர்வைப் பாதிக்கிறது. எங்கள் வண்டியின் ஒரு நாள் செலவு இது: 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வெயில் நாளில் 600 வாட் மணி. 28 வாட் பி.எல்.டி.சி மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 560. விளக்குகள் 125. லேப்டாப், போன் 240. தண்ணீர் மோட்டார் 30. மொத்தம் 1,555, அதாவது ஒன்றரை யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். வெப்பம், தூசி, ஒயர், பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைச் சீராக்கும் கன்ட்ரோலர் என்று எல்லா இழப்பும் போகக் கண்ணாடி பேனலில் எழுதியிருப்பதில் 70 சதவீதம் கைக்கு வரும். அப்படியானால் 445 வாட் போதும். ஒட்டிய வளையும் பேனலுக்கு 60 சதவீதம் என்று வைத்தால் 520 வாட் வேண்டும், அதுவும் முதல் ஆண்டில். விலையும் அங்கே வாட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல். உத்தரவாதத்தைப் படித்துப் பாருங்கள். கண்ணாடி பேனலுக்கு 25 ஆண்டு மின் உற்பத்தி உத்தரவாதம் சாதாரணம், வளையும் பேனலுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து ஆண்டுதான். ஏ.சி. போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஓர் இரவில் ஐந்தாறு யூனிட் எடுக்கும். மினி பஸ் கூரையில் கண்ணாடி பேனலை நிரப்பினால்கூட அது இழுபறிதான். ஒட்டிய வளையும் பேனலை நம்பி ஏ.சி. வாங்க வேண்டாம்.

சாய்வு வைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போவதால் அங்கே வண்டியை நிறுத்தியதும் பேனலைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகை, சென்னை 13. நமக்குச் சூரியன் தலைக்கு மேலே. தட்டையாக வைத்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் தட்டையான பேனலில் தூசி தங்கும், மழைத் தண்ணீர் ஓரத்தில் நின்று காய்ந்து வட்டம் போடும். வாரம் ஒரு நாள் விடியற்காலையில், பேனல் சூடேறுவதற்கு முன், ஈரத் துணியால் துடையுங்கள். வளையும் பேனலைத் துடைக்கும்போது மேலே முட்டி போட்டு ஏறாதீர்கள். கண்ணாடி இல்லாத செல்லில் ஒரு முட்டியின் அழுத்தம் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். வால்பாறை, ஒகேனக்கல் பக்கம் போகிறவர்கள் குரங்குகளையும் கணக்கில் வையுங்கள். கூரையில் குதிப்பதோடு விடாது, தொங்குகிற ஒயரைப் பிடித்து இழுத்தும் பார்க்கும்.

ஒயர் போடுவதில் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். 540 வாட் கண்ணாடி பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போது காட்டுவது, 49 வோல்ட்டுக்கு மேல். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் 99 வோல்ட். கன்ட்ரோலரில் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதே, பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் குளிரில் மின்னழுத்தம் ஏறும். ஊட்டியில் மார்கழி விடியலில் 5 டிகிரியில் வண்டி நின்றுகொண்டிருக்க, முதல் வெயில் பட்டால் அது 104 வோல்ட்டுக்குப் போகும். கன்ட்ரோலர் அதோடு போய்விடலாம். ஆக, இரண்டு பேனல் என்றால் இணையாகப் போடுங்கள், இல்லாவிட்டால் 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள். எதுவானாலும் எம்பிபிடி வகைதான், அது பேனலின் உயர்ந்த மின்னழுத்தத்தை இறக்கிக் கூடுதல் மின்னோட்டமாகப் பேட்டரிக்குக் கொடுக்கும். அப்படி மாற்றத் தெரியாத மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தப் பேனலில் பாதிக்கு மேல் வீணடித்துவிடும்.

இனி, வளையும் பேனல்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. எங்கள் தெருவில் ஒரு தம்பி ஆம்னியை மாற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் மேல் தாள் எது என்று கேள். பெட் (PET), அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக் தாள் போட்டது மலிவு, நம் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி வெடிக்கும். ஈ.டி.எஃப்.ஈ. (ETFE) என்ற இன்னொரு பிளாஸ்டிக் தாள் போட்டது விலை கூடுதல், வெயிலுக்குத் தாங்கும். அதைவிடக் குறைந்ததை வாங்காதே. இரண்டாவது, இணைப்புக் கம்பிகளெல்லாம் பின்பக்கம் இருக்கிற செல்லாகப் பார். முன்பக்கம் கோடு கோடாகக் கம்பி தெரியாது, பின்னால் செம்புப் பட்டை தாங்கி நிற்கும், கீறல் விழுந்தாலும் மின்சாரம் முழுக்க நிற்காது. மூன்றாவது, சிலிக்கானே இல்லாமல் செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலந்து செய்கிற சி.ஐ.ஜி.எஸ். (CIGS) மென்படலம் என்று ஒரு வகையும் உண்டு. நிஜமாக வளைவது அதுதான், ஆனால் அதே வாட்டுக்குக் கூடுதல் இடம் கேட்கும், கடையில் கிடைப்பதும் அரிது.

வெப்பத்தை நன்றாகத் தாங்கிய வளையும் பேனல் முன்பு ஒன்று இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் யூனி-சோலார் என்ற பெயரில் படிக வடிவமில்லாத சிலிக்கானில் செய்தார்கள். ஐந்தரை மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 144 வாட். தகரக் கூரையில் ஒட்டுவதற்கென்றே வடிவமைத்தது. டிகிரிக்கு 0.21 சதவீதம்தான் குறையும். பேருந்துக் கூரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். இடம்தான் அதிகம் தின்னும். அந்த நிறுவனம் 2012-இல் திவாலானது. இன்றைக்குச் சந்தையில் இருக்கும் வளையும் பேனல்களில் பெரும்பாலானவை கண்ணாடி பேனலில் இருக்கும் அதே படிகச் செல்லைப் பிளாஸ்டிக்கில் பொதிந்தவை. வெப்பத்தில் அவை நடந்துகொள்வதும் அதற்கேற்பத்தான்.

தம்பியின் ஆம்னிக்கு நாங்கள் செய்தது நடுவழி. பொந்து பொந்தாக உள்ளே காற்று ஓடும் பத்து மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட்டை, அதன் குழல்கள் வண்டியின் முன்பின்னாக ஓடும்படி, கூரையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து நாலு ஓரத்தில் போல்ட் போட்டுப் பிடித்தோம். வளையும் பேனலை அந்த ஷீட்டின் மேல் ஒட்டினோம். வண்டி ஓடும்போது குழல்களுக்குள் காற்று புகுந்து போகிறது. நாளைக்குப் பேனல் பழுதானால் நாலு போல்ட்டைக் கழற்றி ஷீட்டோடு எடுத்துவிடலாம். எங்கள் கூரையிலிருந்து பேனலைப் பிரிக்க மேஸ்திரியும் இரண்டு பையன்களும் ஒரு முழு நாள் மெல்லிய கம்பியை விட்டு அறுத்தார்கள், பசையோடு பெயிண்டும் உரிந்து வந்தது. ஷீட் போட்டதால் ஆம்னியில் எடை நாலைந்து கிலோதான் கூடியது. இருந்தாலும் சட்டத்தின் மேல் நிற்கும் கண்ணாடி பேனல் அளவுக்கு இது குளிர்வதில்லை. அதே வெப்பமானி இங்கே மதியம் 66 டிகிரி காட்டியது.

கூரைப் பேனல் எதுவானாலும் ஒரு சிக்கல் மாறாது. பேனலுக்கு வெயில் வேண்டும், நமக்கு நிழல் வேண்டும். மத்தியானம் சமைத்துச் சாப்பிட நிறுத்துகிற இடம் பெரும்பாலும் சாலையோரப் புளியமரத்தடிதான். அங்கே நிறுத்தினால் 540 வாட் பேனல் 40 வாட் தரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்குள் நிறுத்தினாலும் இதே கதைதான். இதற்குத்தான் மடித்து எடுத்து வைக்கும் தனிப் பேனலைச் சிலர் வாங்குகிறார்கள். நாங்கள் வாங்கவில்லை. ஒட்டிப் பிரித்த நான்கில் இரண்டு இன்னும் நன்றாக இருந்தன. அவற்றை ஒவ்வொரு பிளைவுட் பலகையில் திருகி, பின்னால் இரண்டு மரக்கட்டை அடித்து, பத்து மீட்டர் ஒயரும் தனியாக ஒரு சின்ன கன்ட்ரோலரும் கொடுத்தோம். வண்டி மரத்தடியில் நிற்கிறது, பலகைகள் இருபதடி தள்ளி வெயிலில் சாய்ந்து நிற்கின்றன. பின்னால் முழுக்கக் காற்று. மதியம் 150 வாட் வருகிறது, ஃப்ரிட்ஜும் இரண்டு மின்விசிறியும் அதிலேயே ஓடிவிடுகின்றன.